சுவரோரம் ஒரு சென்டிமீட்டர்

மழைக்காலத்தில் மரக்கதவு நிலையில் இறுகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கோடையில் அதே கதவு எளிதாகத் திறந்து மூடும். காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று மரம் விரிகிறது. ஈரத்தை இழந்து சுருங்குகிறது. ஒரு கதவே இந்தப் பாடு படுத்தினால், அறை முழுதும் பலகை பாவிய மரத்தரை என்ன செய்யும்?

சுவீடன் நாட்டு வீடுகளில் மரத்தரை வழக்கமானது. குளிர்காலத்தில் வீட்டினுள் சூடேற்றிய வறண்ட காற்று, கோடையில் ஈரக்காற்று. எனவே தனிமரப் பலகைகள் குளிர்காலத்தில் சுருங்கி இடுக்கு விடும். கோடையில் விரிந்து ஒன்றையொன்று நெருக்கும்.

மரம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக விரிவதில்லை. அதன் செல் சுவர்களில் உள்ள செல்லுலோஸ் நுண்ணிழைகள் பெரும்பாலும் தண்டின் நீளவாட்டில் அமைந்துள்ளன. நீர் மூலக்கூறுகள் இடையே புகுந்து இவற்றைப் பக்கவாட்டில் விலக்குகின்றன. நீளமோ மிகக் குறைவாகவே மாறுகிறது. பச்சை ஓக் மரம் முற்றிலும் உலரும்போது நீளத்தில் 0.1 முதல் 0.2 விழுக்காடே சுருங்கும். ஆண்டு வளையங்களின் போக்கிலோ சுமார் 8 விழுக்காடு சுருங்கக்கூடும்!

இதற்கு ஒரு தீர்வாக, சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் ஷேர் 1941-இல் பல அடுக்குத் தரைப்பலகைக்குக் காப்புரிமை பெற்றார். இவ்வகைப் பலகையில் மேலே சில மில்லிமீட்டர் கனத்தில் ஓக் போன்ற கடின மரம் இருக்கும். நடுவே மென்மரத் துண்டுகளின் இழைகள் அதற்குச் செங்குத்தாக ஓடும். அடியில் ஒரு மெல்லிய மரத்தகடு. மேலடுக்கு அகலவாட்டில் விரிய முயலும்போது, அத்திசையில் நீளம் மாறாத நடுவடுக்கு அதைப் பிடித்து நிறுத்துகிறது. மேலடுக்கும் நடுவடுக்கும் மட்டும் போதாவா? போதா. மேலடுக்கு மட்டும் விரிய முயன்றால், சூடான ஈருலோகத் தகடுபோலப் பலகை வளையும். அடித்தகடு அதைச் சமன் செய்கிறது.

ஆயினும் விரிவு முற்றிலும் நின்றுவிடுவதில்லை. எனவே பதிக்கும்போது சில விதிகள் உண்டு. சிமெண்டுத் தளம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். அதன்மேல் ஈரம் ஏறாதபடி பாலிதீன் விரிப்பு இடுவார்கள். பலகைகளைத் தளத்தில் ஒட்டாமல், ஒன்றின் நாக்கை மற்றதன் காடியில் செருகி இணைப்பார்கள். சுவரோரம் நாற்புறமும் சுமார் 1 செ.மீ. இடைவெளி விடுவார்கள். அதை மறைக்கும் சட்டத்தைச் சுவரில்தான் அடிப்பார்கள், தரையில் அல்ல. அப்போதுதான் தரை அதன் அடியில் தடையின்றி நகரும்.

இந்த இடைவெளியை விடாவிட்டால் என்ன ஆகும்? 4 மீட்டர் அகலத் தரை 1 செ.மீ. மட்டும் விரிவதாகக் கொள்வோம். இருபுறமும் சுவர் தடுக்க, தரை நடுவில் கூரைபோல் மடிந்து எழுகிறது. ஒரு பாதியின் நீளம் 2.005 மீட்டர், அடிப்பக்கம் 2 மீட்டர். பிதாகரஸ் தேற்றப்படி,

உயரம் = √(2.005² − 2²) = √0.020025 ≈ 0.14 மீட்டர்.

அதாவது 14 செ.மீ.! விரிவு ஒன்று, எழுச்சி பதினான்கு.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். 30 செ.மீ. நீளமுள்ள, வளையக்கூடிய பிளாஸ்டிக் அளவுகோலின் இரு முனைகளையும் 1 மி.மீ. அளவே நெருக்குங்கள். நடுப்பகுதி எவ்வளவு எழுகிறது என்று அளந்து, கணக்கிட்ட விடையோடு ஒப்பிடுங்கள்.