நாயை தூங்க வைக்கும் ஊசி பூனையை துள்ள வைக்கும்! கால்நடை வலி மருந்தில் இத்தனை விஷயமா?

மதுரை,

மாட்டுச்சந்தை கூடிய இடம் என்பதால்தான் மாட்டுத்தாவணிக்கு அந்த பெயர். இன்றைக்கு அங்கே பஸ்கள்தான் நிற்கின்றன. ஆனால் சுற்றுவட்டார கிராமங்களில் ஆடு, மாடு, நாய்க்கு குறைவில்லை. அதுகளுக்கு அடிபட்டு வலியில் துடித்தால், நாம் போடுகிற மாத்திரையிலேயே பாதியை உடைத்து கொடுத்து விடுகிறோம். ஆபத்தே அங்கேதான்.

வலியை அடக்குவதில் பலமானது அபின் வகை மருந்துகள். டாக்டர்கள் ஓபியாய்டு என்பார்கள். மார்பின், பென்டனில், டிரமடால், பியூட்டர்பனால் எல்லாம் இந்த கூட்டம்தான். மூளையிலும் தண்டுவடத்திலும் வலி செய்தி போகிற பாதையை இவை மறித்து விடும். தூக்க கலக்கமும் வரும். ஆபரேஷனுக்கு முன்பே இந்த ஊசி போட்டால் மயக்க மருந்து குறைவாகவே போதும்.

மாட்டுக்கு வேற, குதிரைக்கு வேற

மார்பின் போட்டால் நாய் வாந்தி எடுக்கும், அப்புறம் சாதுவாக படுத்துவிடும். பூனைக்கு அளவு கூடினால் மிரண்டு துள்ளும். குதிரை நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும், குடல் ஓட்டம் குறைந்து வயிற்று வலியும் வரும். மாட்டுக்கு அசைபோடுவது நின்று வயிறு உப்பலாம்.

அதனால் மாட்டை அசத்த பெரும்பாலும் சைலசின் ஊசிதான். இது அபின் வகை இல்லை. குதிரைக்கு போடும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்கு போதும். ஆள் பெருசா இருக்கேன்னு கூட்டி போட்டால் மூச்சுக்கே ஆபத்து.

அரிக்கொம்பன்

2023 மே மாதம் கம்பம் ஊருக்குள் புகுந்து ஓட்டம் காட்டிய அரிக்கொம்பன் யானையை மறக்க முடியுமா? ஜூன் 5-ந்தேதி மயக்க ஊசி போட்டுத்தான் பிடித்தார்கள். நம் நாட்டில் யானைகளுக்கு பெரும்பாலும் போடுவது சைலசின், கெட்டமின். யானை நின்றபடியே கிறங்கும், கும்கிகளை வைத்து லாரியில் ஏற்றிவிடலாம்.

ஆப்பிரிக்காவில் போடுவது எட்டார்பின். அபின் வகையில் வந்தது, மார்பினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியம். பத்து, பதினைந்து மில்லிகிராமிலேயே யானை சாய்ந்துவிடும். ஊசி தவறி டாக்டர் கையில் குத்தினால் அவர் மூச்சே நின்றுவிடலாம். அதனால் மாற்று மருந்தை பக்கத்திலேயே தயாராக வைத்துக்கொண்டுதான் துப்பாக்கியை தொடுவார்கள்.

வீட்டு மாத்திரை வேண்டாம்

டிரமடால் நமக்கு கேட்கிற மாதிரி நாய்க்கு கேட்காது. உடம்புக்குள் போய் வேறு பொருளாக மாறினால்தான் அது முழுசாக வேலை செய்யும். நாய் உடம்பில் அந்த மாற்றம் ரொம்ப குறைவு. வலி நிற்கலையேன்னு அளவை கூட்டினால் வலிப்பு வரலாம். 2018 முதல் இது போதைப்பொருள் தடுப்பு சட்டத்திலும் வருகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்குவது சட்டப்படி தப்பு.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையை கொன்றுவிடும். மாட்டுக்கு டைக்ளோபினாக் 2006-லேயே தடை. அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதை தின்ற பிணந்தின்னி கழுகுகள் கூட்டம் கூட்டமாக செத்துப்போனதுதான் காரணம்.

தெரியாமல் கொடுத்துவிட்டால், என்ன மாத்திரை, எத்தனை, எப்போது என்று மறைக்காமல் கால்நடை டாக்டரிடம் சொல்லுங்கள். அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். அபின் வகை என்று தெரிந்தால் நலோக்சோன் என்ற மாற்று ஊசி போட்டு மூச்சை மீட்க முடியும். நடக்க முடியாத மாட்டுக்கு கால்நடை ஆம்புலன்சை 1962-ல் கூப்பிடலாம்.