பனிமலைப் பெண்களும் பரம்பரை நிலமும்

போன கூட்டத்தில் பட்டா பற்றிப் பேசியபோது, "வடக்கே பொம்பளைங்களுக்கு நிலம் உண்டா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அதற்காக இமயமலையில் ஒரு மாவட்டத்தைப் பார்ப்போம். இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள லாஹௌல்-ஸ்பிதி.

பரப்பு சுமார் 13,800 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் 2011 கணக்கெடுப்பில் மொத்த ஜனமே 31,564 பேர்தான். லாஹௌல், ஸ்பிதி என்று இரண்டு பள்ளத்தாக்குகள். நடுவில் குன்சும் கணவாய், 4,500 மீட்டருக்கு மேல் உயரம். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்! குளிர்காலத்தில் பனி கொட்டினால் அந்த வழி அடைபட்டுவிடும். லாஹௌலிலிருந்து மணாலிக்குப் போகும் ரோத்தங் கணவாயும் அப்படித்தான். முன்பெல்லாம் பிரசவ வலி வந்தாலும் ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகுதான் லாஹௌலுக்கு நிம்மதி.

மலைகள் மேகத்தைத் தடுப்பதால் மழை குறைவு. மேலே பனி உருகி வரும் தண்ணீரை 'குல்' என்ற வாய்க்கால் வழியாக வயலுக்குக் கொண்டு வருகிறார்கள். வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை. பார்லி, பட்டாணி, லாஹௌலில் விதை உருளைக்கிழங்கு. எரு சுமப்பது, களை எடுப்பது, தண்ணீர் பாய்ச்சுவது என்று காட்டு வேலையில் பெரும்பகுதி பெண்கள் தலையில்தான்.

ஆனால் நிலம்? அங்கே பெரும்பாலோர் பழங்குடியினர். அவர்கள் வழக்கப்படி பரம்பரைச் சொத்து மகன்களுக்கே. ஸ்பிதியில் மூத்த மகனுக்கு. இளையவர்கள் முன்பு புத்த மடத்துக்குப் போய்விடுவார்கள். மகளுக்குப் பங்கு கிடையாது. இருக்கிற கொஞ்ச நிலமும் துண்டாகிவிடும், வெளியாள் கைக்குப் போய்விடும் என்பார்கள். மகனுக்குப் பிரித்தால் மட்டும் துண்டாகாதா?

நமக்கு 1989-லேயே தமிழ்நாட்டுச் சட்டம் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கொடுத்தது (அதற்கு முன்பே கல்யாணமானவர்கள் நீங்கலாக). 2005-ல் அது நாடு முழுவதும் வந்தது. ஆனால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தால் தவிர, பழங்குடியினருக்குப் பொருந்தாது. 2015-ல் இமாச்சல உயர் நீதிமன்றம், பழங்குடிப் பகுதி மகள்களுக்கும் இந்தச் சட்டப்படி பங்கு உண்டு என்றது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கிவிட்டது. இனி மத்திய அரசு அறிவித்தால்தான் வழி. அங்கேயும் நம்மைப் போல மகளிர் மண்டலங்கள் இருக்கின்றன. மகளுக்கும் பங்கு வேண்டும் என்று அந்தப் பெண்கள் கேட்டு வருகிறார்கள்.