ஸ்கூட்டருக்குள்ளே ஒரு பெல்ட்!



போன மாதம் அம்மா ஸ்கூட்டரில் என்னைக் கூட்டிக்கொண்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வந்தார். நடுரோட்டில் வண்டி நகரவே இல்லை. என்ஜின் ஓடுது, ஆக்ஸிலேட்டர் முறுக்கினா சத்தம் வருது, சக்கரம் மட்டும் சுத்தல. பின்னாடி கன்டெய்னர் லாரி! அந்த டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தோம்.

"பெல்ட் அறுந்துடுச்சு" என்றார் மெக்கானிக் அண்ணன். இடது பக்க மூடியைக் கழற்றிக் காட்டினார்.

உள்ளே இரண்டு புல்லி, அவற்றைச் சுற்றி ஒரு ரப்பர் பெல்ட். இதன் பெயர் சி.வி.டி. முன் புல்லியை என்ஜின் சுற்றும். பின் புல்லி சக்கரத்தைச் சுற்றும். கிளம்பும்போது பெல்ட் முன்னே சின்ன வட்டத்திலும் பின்னே பெரிய வட்டத்திலும் ஓடும். அதனால் இழுவை அதிகம். என்ஜின் வேகம் கூடினால் முன் புல்லிக்குள் இருக்கும் உருளைகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, புல்லியை நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். பின்னே உள்ளே இறங்கும். வண்டி வேகம் எடுக்கும்.

கார்களிலும் சி.வி.டி. உண்டு. அதில் பெல்ட் ஸ்டீல். 1958-ல் நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி ரப்பர் பெல்ட் வைத்த காரை அறிமுகம் செய்தது. முன்னால் போகும் அதே வேகத்தில் பின்னாலும் போகுமாம்!

சாதாரண ஆட்டோமேட்டிக் கார் வேறு மாதிரி. அதில் பல்சக்கரங்கள் உண்டு. ஓடும் ஃபேனுக்கு எதிரே நிற்கும் ஃபேனை வைத்தால் காற்றில் அதுவும் சுற்றும் இல்லையா? அதுபோல காற்றுக்குப் பதில் ஆயில் மூலம் என்ஜின் விசை பல்சக்கரங்களுக்குப் போகும். 1, 2, 3 என்று கியர் தானாக மாறும். அது படிக்கட்டு என்றால், சி.வி.டி. மேம்பாலச் சரிவு.

எது நல்லது? சி.வி.டி.யில் குலுக்கல் இல்லை. என்ஜினைச் சரியான வேகத்திலேயே வைத்திருப்பதால் டவுன் டிராபிக்கில் பெட்ரோல் மிச்சம். ஆனால் சட்டென்று முந்தும்போது சத்தம் முதலில், வேகம் அப்புறம். பெல்ட்டின் பிடிமானத்தில்தான் எல்லாமே இருப்பதால் பெரிய பாரத்துக்கு ஒத்துவராது. டிரெய்லர் ஓட்டும் அப்பா, "இருபது டன்னை பெல்ட் இழுக்காதும்மா, பல்சக்கரம்தான் இழுக்கும்" என்றார்.

கியர் இல்லாத வண்டி ஓட்டச் சுலபம். அதனாலேயே உள்ளே தேய்வதை நாம் நினைப்பதில்லை. எங்கள் பெல்ட்டை 31,000 கிலோமீட்டர் வரை யாரும் பார்க்கவே இல்லை! கிளம்பும்போது அதிர்வு, ரப்பர் கருகிய வாசம் வந்தால் உடனே காட்டுங்கள். எத்தனை கிலோமீட்டரில் மாற்றணும் என்று வண்டியின் கையேட்டில் இருக்கும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கேளுங்கள்: "அம்மா, பெல்ட்டை எப்போ பார்த்தீங்க?"

இப்படிக்கு,
9-ம் வகுப்பு மாணவி, எர்ணாவூர்