உங்களுக்குத் தெரியுமா? காயத்துக்குப் பின் மீண்டும் 5 கிலோமீட்டர்

காயத்தால் ஓட்டத்தை நிறுத்தியவர்கள் திரும்பி வரும்போது பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோமீட்டர் சாலைப் பந்தயத்தில்தான் பெயர் கொடுக்கிறார்கள். நல்ல தேர்வு. ஆனால் உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. மூச்சு சில வாரங்களில் திரும்பிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் நாணுக்கும், எலும்புக்கும் மாதங்கள் தேவை. முன்பு பட்ட காயமே அடுத்த காயத்துக்கான முதன்மை எச்சரிக்கை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வதால், இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

காயம் தொடங்கிவைத்த 5 கிலோமீட்டர்

உலகெங்கும் சனிக்கிழமைக் காலைகளில் இலவசமாக நடக்கும் 5 கிலோமீட்டர் 'பார்க்ரன்' ஓட்டத்தின் தொடக்கமே ஒரு காயம்தான். பால் சின்டன்-ஹெவிட் காயத்தால் ஓட முடியாமல் இருந்தார். ஓட்ட நண்பர்களைப் பிரிந்திருக்க மனமில்லை. தான் நேரம் குறித்துத் தருவதாகவும் அவர்கள் ஓடட்டும் என்றும் ஏற்பாடு செய்தார். 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் ஓடியவர்கள் 13 பேர். காயம்பட்ட காலத்தில் தன்னார்வலராக நிற்பவர் ஓட்டக் கூட்டத்தை விட்டு விலகுவதில்லை. அதனால் திரும்பி வருவதும் எளிதாகிறது.

தூரம் குறைவு, பளு குறைவல்ல

மாரத்தானைவிட 5 கிலோமீட்டர் காலுக்கு இதமானது என்று நினைப்பது தவறு. நன்கு பயின்றவர் 5 கிலோமீட்டர் பந்தயத்தில் தன் உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவை ஒட்டியே ஓடுகிறார். வேகம் கூடக் கூட, தரையில் கால் படும் நேரம் சுருங்குகிறது. அந்தக் குறுகிய நொடிக்குள் உடலை உந்தித் தள்ள வேண்டிய வேலை கெண்டைக்கால் தசைமேல் விழுகிறது. ஓடும்போது அந்தத் தசையும் அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணும் தாங்கும் விசை உடல் எடையைப் போல் 6 மடங்கையும் தாண்டுகிறது. எனவே திரும்பி வருகிறவர் முதலில் தூரத்தைக் கூட்ட வேண்டும், வேகம் கடைசியில்தான்.

13 நிமிடம் 54 நொடி

கென்யாவின் பியாட்ரிஸ் செபெட் 2024 டிசம்பர் 31 அன்று பார்சிலோனாவில் 5 கிலோமீட்டரை 13 நிமிடம் 54 நொடியில் ஓடி முடித்தார். சாலையில் 14 நிமிடத்துக்குள் வந்த முதல் பெண் அவர். கிலோமீட்டருக்குச் சுமார் 2 நிமிடம் 47 நொடி! இந்தத் தூரத்துக்கு உலக சாதனைப் பட்டியலில் இடம் கிடைத்ததே அண்மைக்காலத்தில்தான். 2023இல் ரீகா நகரில் நடந்த உலகச் சாலை ஓட்டப் போட்டியில் 5 கிலோமீட்டருக்குத் தனிப் பதக்கமும் தரப்பட்டது. குறுந்தூரச் சாலை ஓட்டம் மாரத்தானுக்கு முன்னோட்டம் மட்டுமல்ல, தனக்கென மதிப்புள்ள பந்தயம்.

முதலில் வற்றுவது ரத்தம்

பயிற்சியை நிறுத்தியதும் முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைகிறது. அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் காயில் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயின்ற விளையாட்டு வீரர்களின் உச்ச ஆக்சிஜன் அளவு முதல் 3 வாரத்தில் 7 விழுக்காடும், 12 வாரத்தில் 16 விழுக்காடும் குறைந்தது. ரத்தத்தின் நீர்ப்பகுதி பயிற்சி தொடங்கியதும் விரைவில் மீளும். அதனால்தான் இரண்டு மூன்று வாரத்திலேயே, 'பழைய நிலைக்கு வந்துவிட்டேன்' என்று தோன்றுகிறது. அந்தச் செய்தி நெஞ்சிலிருந்து வருகிறது; காலிலிருந்து அல்ல.

20 நாள் படுக்கையும் 30 ஆண்டும்

1966இல் டல்லாஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரைத் தொடர்ந்து 20 நாள் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். 30 ஆண்டு கழித்து அதே ஐவரையும் மீண்டும் பரிசோதித்தபோது, முதுமை குறைத்ததைவிட அந்த 20 நாள் படுக்கையே அவர்கள் உடல்திறனை அதிகம் குறைத்திருந்தது தெரியவந்தது. ஓய்வு என்றால் காயம்பட்ட இடத்துக்குத்தான் ஓய்வு; முழு உடம்புக்கும் அல்ல. மருத்துவர் தடுக்காதவரை மிதிவண்டி, நீச்சல், மேலுடல் பயிற்சி எல்லாம் தொடரலாம்.

எக்ஸ்ரேயில் தெரியாத முறிவு

நீண்ட தூரம் நடந்த படைவீரர்களின் பாதத்தில் வலியும் வீக்கமும் வருவதை 1855இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் பதிவு செய்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத காலம் அது. பின்னாளில்தான் அது எலும்பில் விழுந்த மயிரிழை முறிவு என்று தெரிந்தது. இன்றும் ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரே இதைக் காட்டாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். எலும்பைப் புதுப்பிக்கும்போது உடல் முதலில் பழையதை அரித்து எடுக்கிறது, பிறகே புதியதைக் கட்டுகிறது. இந்தச் சுற்று முடிய 3 முதல் 4 மாதம் ஆகும். இடையில் எலும்பு முன்பைவிட வலுக்குறைந்தே இருக்கும். ஒரே புள்ளியில் விரல் வைத்து அழுத்தினால் வலிக்கிறதா? ஓடிச் சோதிக்காதீர்கள், மருத்துவரிடம் செல்லுங்கள்.

படிக்கட்டில் கிடைத்த சிகிச்சை

ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் எலும்பியல் மருத்துவர், அவரே ஓட்டக்காரர், அவருக்கே குதிநாண் வலி. 1998இல் அவர் குழு வெளியிட்ட முறை மிக எளிது. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, வலிக்கும் காலின் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். மேலே ஏற நல்ல காலைப் பயன்படுத்த வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் 3 சுற்று, மடக்கி 3 சுற்று. நாளுக்கு இருவேளை, 12 வாரம். அந்த ஆய்வில் இதைச் செய்த 15 பேரும் பழையபடி ஓடத் திரும்பினார்கள். வாரத்துக்கு மூன்றே நாள் கனமான எடையுடன் மெதுவாகச் செய்யும் பயிற்சியும் இதே அளவு பலன் தருவதாக 2015இல் டென்மார்க் ஆய்வு ஒன்று காட்டியது. எதுவானாலும் 12 வாரம் என்ற கணக்கு மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வலிக்கு மதிப்பெண் போடுங்கள்

குதிநாண் வலி உள்ளவர் வலி முற்றிலும் மறையும்வரை ஓடவே கூடாதா? ஆய்வாளர் கரின் சில்பர்நாகல் குழு ஸ்வீடனில் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தந்தது. வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். ஓடும்போது 5 வரை போகலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் கூடவும் கூடாது. இந்த வரம்புக்குள் ஓடியவர்கள் ஓட்டத்தை நிறுத்தி வைத்தவர்களைவிட மோசமாகத் தேறவில்லை. எனவே உண்மையான தேர்வுத்தாள் மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடி. இந்த விதி நாணுக்குத்தான். எலும்பு முறிவுக்குப் பொருந்தாது.

ஐஸ் வைக்கச் சொன்னவரே மாற்றிச் சொன்னார்

ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கு கட்டளைகளை 1978இல் தன் புத்தகம் வழியாகப் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் அவரே எழுதினார். சான்று மாறியபோது கருத்தையும் மாற்றிக்கொண்ட அவருடைய நேர்மை போற்றத்தக்கது. வலி தணிய ஐஸ் உதவும். ஆனால் ஆறவைப்பது அளவான, படிப்படியான அசைவு.

10 விழுக்காடு விதி காப்பாற்றுமா?

வாரத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்பது ஓட்டக்காரர்களிடையே வேதவாக்கு. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடக்கும் 4 மைல் சாலை ஓட்டத்துக்குத் தயாரான 500க்கும் மேற்பட்ட புதியவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு இந்த விதிப்படி 13 வாரம். மற்றதற்கு வழக்கமான 8 வாரம். 2008இல் வெளியான முடிவு: காயம்பட்டவர்கள் முதல் குழுவில் 20.8 விழுக்காடு, இரண்டாவதில் 20.3 விழுக்காடு. பொறுமை வீண் என்று இதற்குப் பொருளில்லை. எல்லோருக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. உங்கள் காலின் பதிலைப் பார்த்துத்தான் அடுத்த வாரத்தைத் திட்டமிட வேண்டும்.

தரையைத் தொடாமல் ஓடலாம்

இடுப்பில் மிதவைப் பட்டை கட்டி, கால் தரையில் படாத ஆழமான நீரில் ஓடுவது காயம்பட்டவர்களின் பழைய துணை. மூச்சும் இதயமும் உழைக்கும். எலும்பில் அதிர்ச்சி இல்லை. இன்னொரு வழி காற்றழுத்த டிரெட்மில். இடுப்புக்குக் கீழே காற்றுப்புகாத உறை. உள்ளே நிரம்பும் காற்று உடலைத் தூக்கிப் பிடித்து எடையைக் குறைக்கிறது. விண்வெளியில் எடையற்றிருக்கும் வீரர்களைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்க நாசாவில் பிறந்த யோசனையை, பூமியில் தலைகீழாகப் பயன்படுத்தியதன் விளைவு இது.

அடியைக் குறுக்கினால் முழங்கால் பிழைக்கும்

அதே வேகத்தில், நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால் முழங்காலும் இடுப்பும் தாங்கும் பளு குறைகிறது என்று ஆய்வாளர் பிரையன் ஹைடர்ஷைட் குழு 2011இல் காட்டியது. நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் 168 வைத்தாலே 5 விழுக்காடு. முழங்கால் வலியிலிருந்து தேறுகிறவர் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுவிட்டு முயலலாம்.

சாலையின் சரிவு

மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி ஓரங்களைத் தாழ்த்திப் போடுகிறார்கள். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு பாதம் தாழ்ந்த பக்கத்திலேயே விழும். தேறும் காலத்துப் பயிற்சிக்குப் பூங்காப் பாதையோ மைதானமோ ஏற்றது.

வேகக் காலணி பிறகு

கார்பன் தகடு பதித்த காலணிகள் வேகம் தருகின்றன. ஆனால் அவற்றை அணிந்து ஓடிய ஐந்து பேருக்குப் பாதத்தின் படகெலும்பில் பாதிப்பு வந்ததை 2023இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஐந்து பேரை வைத்துக் காலணியைக் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் அவற்றுக்கு மெல்ல மெல்லப் பழக வேண்டும் என்று அம்மருத்துவர்கள் சொல்வது நியாயம்.

பட்டினி கிடந்தால் எலும்பு ஆறாது

ஓடாத நாளில் எடை ஏறிவிடும் என்று அஞ்சிச் சாப்பாட்டைக் குறைப்பவர்கள் பலர். உடல் செலவிடும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாவிட்டால் ஹார்மோன்கள் குலைந்து எலும்பு நலிகிறது. இது பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும் வரும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் அறிவித்தது. மாதவிடாய் தவறுவதும், எலும்பு திரும்பத் திரும்ப முறிவதும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்.

தசை மறப்பதில்லை

பயிற்சியால் தசை இழைகள் புதிய உட்கருக்களைப் பெறுகின்றன. தசை மெலிந்த பிறகும் அவை அழியாமல் இருப்பதை ஆஸ்லோ ஆய்வாளர்கள் 2010இல் எலிகளில் கண்டார்கள். மனிதருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்ற விவாதம் தொடர்கிறது. ஆனாலும் முன்பு ஓடியவர் புதிதாகத் தொடங்குபவரைவிட விரைவில் தேறுவதைப் பயிற்சியாளர்கள் அனைவரும் அறிவார்கள்.

ஹைலே காட்டிய வழி

எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி குதிநாண் கோளாறுடனேயே 2000 சிட்னி ஒலிம்பிக் 10,000 மீட்டரில், போட்டியாளர் பால் டெர்கட்டை 0.09 நொடியில் முந்தித் தங்கம் வென்றார். பிறகு அறுவைச் சிகிச்சை. 2001 ஆகஸ்டில் எட்மண்டன் உலகப் போட்டியில் கிடைத்தது வெண்கலம். அதே ஆண்டு அக்டோபரில் பிரிஸ்டலில் அரை மாரத்தான் உலகப் பட்டம். 2002 டிசம்பரில் தோஹா சாலையில் 10 கிலோமீட்டரை 27 நிமிடம் 2 நொடியில் ஓடினார்; அன்றைக்கு உலகின் மிகச் சிறந்த நேரம். முதலில் மூன்றாம் இடம், பிறகு முதலிடம், பிறகுதான் சாதனை. அவருக்கே அந்த வரிசை தேவைப்பட்டது.

முதல் பந்தயத்துக்கு முன்

அரை மணி நேரம் வலியின்றி நடக்க முடிகிறதா? ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தும்போது இரு கால்களும் ஒரே எண்ணிக்கை தருகின்றனவா? பந்தய தூரத்தை நிதானமாக ஓடிய மறுநாள் காலை கால் அமைதியாக இருக்கிறதா? வேகப் பயிற்சியையும் சில வாரம் தாங்கியதா? எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றால் பெயர் கொடுங்கள். வலி மாத்திரை விழுங்கிவிட்டு மட்டும் தொடக்கக் கோட்டில் நிற்காதீர்கள். அது எச்சரிக்கையை மறைக்கும், சிறுநீரகத்துக்கும் கேடு. 5 கிலோமீட்டர் பந்தயங்கள் ஆண்டு முழுவதும் நடக்கின்றன. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரும். குதிநாணும் எலும்பும் சம்மதிக்கும் தேதியே உங்கள் பந்தயத் தேதி.