கொல்லைப்புறத்துச் சிறகுகள் – 9: அலகைப் படம் எடுங்கள்

தேன்சிட்டின் நிறத்துக்கு ஆசைப்பட்டுத்தான் எல்லோரும் அதைப் படம் எடுக்கிறோம். எடுத்த படத்தை வைத்துக்கொண்டு பெயர் தேடும்போது அந்த நிறம்தான் முதலில் கைவிடுகிறது. இந்தத் தொடரின் வாசகர்கள் அனுப்பும் படங்களில் அடிக்கடி வருவது இதுதான்: முருங்கைக் கிளையில் கறுப்பாக ஒரு சின்னக் குருவி, வளைந்த அலகு, பின்னால் வெள்ளை வானம், கீழே ‘இது என்ன பறவை?’ என்று ஒரு வரி.

குருவி கறுப்பு இல்லை. ஆண் தேன்சிட்டின் மினுமினுப்பு சாயத்தால் வருவதல்ல. இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் துகள்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில அழிந்துபோகின்றன. வெயில் எந்தக் கோணத்தில் விழுகிறது, நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே பறவை நீலமாகவும் பச்சையாகவும் ஊதாவாகவும் தெரியும். வெயில் அதற்குப் பின்னால் இருந்துவிட்டால் எதுவுமே தெரியாது. எனவே சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். இளங்காலை வெயில் உத்தமம். வானத்தை எதிர்த்து எடுத்தே ஆக வேண்டுமென்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். வானம் வெளுத்துப்போகும். போகட்டும், வயிற்றின் நிறம் கிடைத்துவிடும்.

அந்த வயிறுதான் முக்கியம். தமிழ்நாட்டுச் சமவெளியில் வீட்டுத் தோட்டங்களுக்கு வரும் தேன்சிட்டுகள் மூன்று: ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு. ஆண்களில் முதலாவதைப் பிரிப்பது சுலபம். மார்பில் அரக்குப் பட்டை, அதற்குக் கீழே பளிச்சென்ற மஞ்சள். மற்ற இரண்டும்தான் குழப்பும். தூரத்தில் இரண்டுமே கறுப்பு, நல்ல வெயிலில் இரண்டுமே மினுங்கும். லோட்டனின் வயிறு மட்டும் மினுங்காமல் மங்கிய பழுப்பாகக் கிடக்கும். அதற்கும் மார்புக்கும் நடுவே அரக்குப் பட்டை ஓடும். ஊதாத் தேன்சிட்டுக்கும் சில சமயம் மெல்லிய செம்பட்டை தெரிவதுண்டு. ஆகவே பட்டையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. அலகைப் பாருங்கள். லோட்டனின் அலகு அதன் தலையைவிடத் தெளிவாக நீளம். கதிர் அரிவாள்போல வளைந்திருக்கும்.

இதில் படம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பறவை நம்மை நேராகப் பார்க்கும்போது எடுத்தால் நீண்ட அலகும் குட்டையாகத் தெரியும். கண் கூர்மையாக, பின்னணி பச்சையாகக் கரைந்து, பார்ப்பதற்கு அருமையாக அமைந்த அந்தப் படத்தை வைத்து ஊதாவா லோட்டனா என்று சொல்வது கடினம். தலையைப் பக்கவாட்டில் திருப்பியபோது விழுந்த மங்கல் படம் சொல்லிவிடும். தயவுசெய்து அதை அழிக்காதீர்கள். அழகில்லை என்பதற்காக அன்றைக்கே படங்களை நீக்கிவிடும் பழக்கம் எத்தனையோ நல்ல பதிவுகளைத் தின்றுவிட்டது.

லோட்டன் ஒரு மனிதர். 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த யோவான் கிதியோன் லோட்டன். பறவைகள் மேல் தீராத பற்றுக் கொண்ட அவர், பீட்டர் கார்னெலிஸ் டி பெவெரே என்ற ஓவியரை வைத்து அத்தீவின் பறவைகளை வரைய வைத்தார். 1766-இல் லின்னேயஸ் இந்தச் சிட்டுக்கு இட்ட அறிவியல் பெயரில் அவர் நிலைத்துவிட்டார். இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இந்தப் பறவை கிடையாது. நம் வீட்டுச் செம்பருத்திக்கு வருகிறது என்பதற்காக அதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது.

பெண்களில் ஊதாப்பிட்டின் தொண்டை வெளிர் சாம்பல், மார்பு மஞ்சள். ஊதாத் தேன்சிட்டுப் பெண்ணுக்குத் தொண்டையிலிருந்தே மஞ்சள் தொடங்கிவிடும். லோட்டன் பெண்ணும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால், அங்கேயும் அலகுதான் துணை. இன்னொரு குழப்பமும் உண்டு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஊதாத் தேன்சிட்டு ஆண் தன் பளபளப்பை உதிர்த்துவிடும். உடல் பெண்ணைப் போல மஞ்சளாகி, தொண்டையிலிருந்து வயிறுவரை நடுவே ஒரு கருங்கோடு மட்டும் எஞ்சும். அந்தக் கோடு தெரிய வேண்டுமானால் பறவையின் அடிப்பக்கம் படத்தில் விழ வேண்டும். அலகு குட்டையாக, தசை நிறத்தில், உடல் தேன்சிட்டைவிடச் சிறியதாக இருந்தால் அது தேன்சிட்டே அல்ல, மலர்கொத்தி. அதற்குப் பிடித்த தேன்பழ மரமோ புல்லுருவி பிடித்த மாமரமோ பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுத்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். 1950-இலிருந்து 1996-இல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதியவர். அவருடைய கேமரா பெரிதும் யானையையும் காட்டெருதையும் நாடியதுதான். ஆனாலும் அவர் படங்களைப் பார்த்தபிறகுதான் நிறத்தை நீக்கிவிட்டு ஒரு விலங்கைப் பார்க்க நான் கற்றேன். உங்கள் தேன்சிட்டுப் படத்தைக் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அலகின் நீளமும் வளைவும், வாலின் அளவும் உடனே கண்ணில் படும்.

கேமரா விஷயம் அதிகமில்லை. ஷட்டர் வேகம் நொடியில் 1/1000-க்குக் குறையாமல் இருக்கட்டும். ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். பறவையைத் துரத்தாமல் பூவுக்கு எதிரே உட்காருங்கள். தேன்சிட்டு ஒரே பூங்கொத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். செம்பருத்தியில் பெரும்பாலும் இதழ்வழியே நுழையாமல், பூவின் அடியைத் துளைத்துத் தேனை எடுத்துக்கொள்ளும். துளைப்பதற்குச் சற்று முன்பும், அலகை வெளியே எடுக்கும் கணத்திலும் பக்கவாட்டுத் தோற்றம் முழுதாகக் கிடைக்கும்.

கூட்டை மட்டும் விட்டுவிடுங்கள். சிலந்தி நூலால் நாரையும் சருகையும் பிணைத்துத் தொங்கவிட்ட அந்தக் கூடு வராந்தா ஒயரிலேயே இருந்தாலும் சரி. படத்துக்காக மறைக்கும் இலையை ஒதுக்கினால் வெயிலுக்கும் காக்கைக்கும் குஞ்சுகளைக் காட்டிக்கொடுத்ததாகும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு ஆணை வரவழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று இல்லாத ஒன்றைத் தேடி அது அலைந்துகொண்டிருக்கும்.

ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேர வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. குறைந்தது 15 நிமிடம் தோட்டத்தில் நின்று, பார்த்தவற்றை ஈ-பேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும். எல்லாப் படங்களையும் பார்த்த பிறகும் ஊதாவா லோட்டனா என்று முடிவாகவில்லையா? ‘ஏதோ ஒரு தேன்சிட்டு’ என்று பதியவும் அங்கே இடமுண்டு. அப்படியே பதியுங்கள்.

அடுத்த வாரம், முதுகெல்லாம் பழுப்பாக, புதருக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று குரல் மட்டும் கொடுக்கும் கதிர்குருவிகள்.

(தொடரும்)