கயவாகு ஏன் வந்தான்?

வகுப்பு முடிந்த பின்னும் எழாமல் மாணவர் இருவர் வழக்காடிக்கொண்டிருந்தனர். இலக்கண ஐயம் ஏதேனும் இருக்கலாம் என்றெண்ணி அருகிற் சென்று கேட்டேன். கணினி விளையாட்டொன்றில் வரும் வாயிற்காவலனைப் பற்றிய வழக்கு அது. அவன் கதைத் தலைவனும் அல்லன், பகைவனும் அல்லன். இரண்டு வார்த்தை பேசிக் கதவைத் திறந்துவிட்டு மறைந்துவிடுகிறான். அவன் ஏன் திறந்தான், அவன் உள்ளத்தில் இருந்தது யாது என்பதே அவர்கள் ஆராய்ச்சி. அவ்விளையாட்டை யான் அறியேன்; ஆனால் அவ்வினாவை அறிவேன். காப்பியம் கற்பார் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய வினா அன்றோ அது! அன்றிரவு அதே வினாவைச் சிலப்பதிகாரத்துச் சிறுபாத்திரம் ஒன்றின்மேற் செலுத்திப் பார்த்தேன். கண்டியில் வாழ்வார்க்கு அயலல்லாத பாத்திரம் அது. இலங்கை வேந்தன் கயவாகுவையே சொல்கிறேன்.

கயவாகுவின் பெயரை அறியாத தமிழ் மாணவர் அரியர். ஆயினும் அவனை ஓர் ஆளாக எண்ணிப் பார்த்தவரும் அரியரே. உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சேற்றினார். 1904இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் வி. கனகசபைப்பிள்ளை, காப்பியத்துக் கயவாகுவும் மகாவம்சத்து முதலாம் கஜபாகுவும் ஒருவரே எனக் கொண்டு, செங்குட்டுவன் காலத்தைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் நிறுத்தினார். அன்று முதல் கயவாகு காலக்கணக்கிற்கு அடித்த முளையாயினான். அம்முளை வலிதா மெலிதா என்று அறிஞர் வாதிட்டு வருகின்றனர். முளைக்கும் ஒரு மனம் உண்டோ என்று கேட்பார் மிகச் சிலர்.

காப்பியம் அவனை ஈரிடத்திற் காட்டுகிறது. வரந்தரு காதையில், வஞ்சியிற் கண்ணகிக்குக் கோயில் எடுத்த செங்குட்டுவனோடு மன்னர் பலர் நிற்கின்றனர். சிறையினின்று விடுபட்ட ஆரிய மன்னரும், வேறு சிறைகளினின்று நீங்கிய மன்னரும், கொங்கரும், மாளுவ வேந்தரும் நிற்க, அவ்வரிசையில் இலங்கைக் கயவாகுவும் நிற்கிறான். எங்கள் நாட்டிலும் எழுந்தருள வேண்டும் என்று அவர்கள் வேண்ட, வரம் தந்தேன் என்று ஒரு குரல் எழுகிறது. மற்றோரிடம் உரைபெறு கட்டுரை. பாண்டி நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியதும், கொற்கையில் வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குப் பலியிட்டு வழிபட்டதும் அங்கே முதலிற் கூறப்படுகின்றன. கொங்கிளங்கோசர் செய்த விழாவை அடுத்துக் கயவாகு பலிபீடமும் கோட்டமும் அமைத்து ஆடித் திங்களில் விழா எடுத்தான் என்றும், நாடு மழைவளம் பெற்றது என்றும் அக்கட்டுரை சொல்கிறது.

இவ்வளவே தமிழ்நூல் தரும் செய்தி. மழைக்காக வந்தான் என்று கூறி நூலை மூடிவிடலாம். ஆனால் அவன் கதையின் மறுபாதி சிங்களத்தில் இருக்கிறது.

பிற்காலத்துச் சிங்கள நூலாகிய இராஜாவலிய கூறும் கதை இது. கஜபாகு ஓரிரவு நகர்வலம் வந்தான். ஒரு வீட்டினுள் கைம்பெண் ஒருத்தி அழும் குரல் கேட்டது. சோழன் சிறைகொண்டு சென்ற தன் மைந்தரை நினைந்து அவள் அழுதாள். அரசன் அவ்வீட்டுக் கதவிற் சுண்ணத்தால் அடையாளமிட்டுத் திரும்பினான். மறுநாள் அமைச்சரை வினவியபோது, நாட்டில் ஒரு குறையும் இல்லை என்றனர். அவன் சினந்து அக்கைம்பெண்ணை அழைப்பித்து உண்மையைக் கேட்டறிந்தான். தன் தந்தையின் காலத்திற் கொண்டுபோகப்பட்டோர் பன்னீராயிரவர் என்று தெரிந்தது. நீலன் என்னும் வீரனோடு கடலைப் பிளந்து சென்று அவர்களை மீட்டான். அவர்களோடு சோழ நாட்டார் பன்னீராயிரவரையும், பத்தினித் தெய்வத்தின் சிலம்புகளையும் கொணர்ந்தான்.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மதுரையில் ஒரு பெண் அழுதாள். அரசன் ஆராயாது செய்த தவறு அவள் கணவனைக் கொன்றது. அனுராதபுரத்தில் ஒரு பெண் அழுதாள். அரசன் அவள் கதவில் அடையாளமிட்டான். பாண்டியன் கேளாமற் கெட்டான். கஜபாகு கேட்டு எழுந்தான். இதுவரை அவன் புகழுக்குரியவன்.

ஆனால் அந்த இரண்டாம் பன்னீராயிரவர் யார்? அவர்களுக்கும் தாயர் இருந்திருப்பரே! ஒரு வீட்டின் அழுகையைத் தீர்க்கச் சென்றவன் பல்லாயிரம் வீடுகளில் அழுகையை வைத்து வந்தான். அவ்வீட்டுக் கதவுகளில் அடையாளமிட ஒருவரும் இல்லை. ஒருத்தியின் அழுகைக்கு நாடு கொடுத்த விலையைப் பாண்டியன் கதை உலகறியச் செய்திருந்தது. அழுகுரலின் பொருளறிந்த செவி உடையவன் கஜபாகு. ஆகவே சிலம்புகளை வெற்றிப் பொருளாக அவன் கொணர்ந்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. அச்சத்தாலும் கழுவாய் தேடும் நினைவாலுமே கொணர்ந்தான். அரசரைத் தட்டிக்கேட்ட தெய்வத்தைத் தன் நாட்டிலேயே குடியேற்றினான். கொண்டுவந்த மக்களுக்கு அவர்கள் மொழியறிந்த தாய் ஒருத்தியைத் தந்தான். வஞ்சியிற் சிறைநீங்கியோர் நிற்கும் வரிசையிலேயே இளங்கோவடிகள் அவனையும் நிறுத்தியது தற்செயலோ, யானறியேன். அவ்வரிசையில் அவன் மிகப் பொருந்தி நிற்கிறான்.

இங்கே ஒரு தடை எழலாம். மகாவம்சம் கஜபாகுவின் விகாரைப் பணிகளைச் சொல்கிறதேயன்றி, இப்படையெடுப்பைச் சொல்லவில்லை. அது நிகழாததாகவே இருக்கலாம். இருக்கட்டும், யான் ஆராய்வது கல்வெட்டு மன்னனை அன்று, கதைமாந்தனை. கதையைக் கட்டிக் காத்த மக்கள் தம் உள்ளத்தையே அவனுள் வைத்தனர். குடியேற்றப்பட்டோர் தங்கிய இடங்களாக இராஜாவலிய கூறுவனவற்றுள் யட்டிநுவர, உடுநுவர, தும்பனை, ஹேவாஹெட்ட ஆகியவை உள. இவை யாவும் கண்டியைச் சூழ்ந்த நாடுகள். நாம் அன்றாடம் பேருந்தில் கடக்கும் ஊர்களில், யாருடைய மைந்தர் யாருடைய மரபாயினர் என்று இன்று பிரித்துரைக்க வல்லார் யார்?

தலதா மாளிகையின் எதிரே, நாத தேவாலயத்தை அடுத்துப் பத்தினி தேவாலயம் இருக்கிறது. 1660 முதல் 1679 வரை கண்டி அரசிற் சிறையிருந்த இராபர்ட் நொக்ஸ், தாம் கண்ட பெருவிழாவிற் பத்தினியையும் எழுதிவைத்தார். அன்று அது தேவர்களின் விழா. புனித தந்தம் அவ்வூர்வலத்திற் சேர்ந்தது பின்னர், கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில். இன்றும் கண்டிப் பெரஹரா ஆடியையொட்டிய எசல மாதத்திலேயே நிகழ்கிறது. மீட்கப்பட்டோருடன் கஜபாகு திரும்பிய நாளின் நினைவே அது என்பாரும் உளர்.

பிள்ளைகளைத் தேடி அழும் தாயரை இந்நாடு இரு மொழியிலும் கண்டுவிட்டது. 1980களின் இறுதியில் தெற்கிலும், 2009இல் முடிந்த போரில் வடக்கிலும் கிழக்கிலும் அவ்வழுகை கேட்டது. நாட்டில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லும் அமைச்சர் எக்காலத்தும் கிடைப்பர். கதவில் அடையாளமிடும் கையே கிடைப்பதரிது.

மாணவர் இருவரிடமும் இதைச் சொன்னேன். "அப்படியானால் அவன் நல்லவனா, கெட்டவனா, ஐயா?" என்றான் ஒருவன். "பிறர் அழுகையைக் கேட்டவன், தானும் அழவைத்தவன், அதை மறக்க மாட்டாதவன்" என்றேன். பெரஹரா நாளில் அவர்களை ஒன்று வேண்டிக்கொண்டேன். தலதா மாளிகை யானை கடந்ததும் கூட்டத்திற் பலர் எழுந்து போய்விடுவர். நாதர், விஷ்ணு, கதிர்காமத்தேவர் ஊர்வலங்களுக்குப் பின்னே, வரிசையின் இறுதியில், பெண்கள் ஆடிவர வருவது பத்தினியின் ஊர்வலம். அது வரும்வரை எழாதிருங்கள் என்றேன்.