சுங்கை சிப்புட்: 60 ஆண்டுகளில் 4 எம்.பி.க்கள்தான்! இது உண்மையிலேயே ‘நம்ம தொகுதி’யா?

ஈப்போவிலிருந்து வடக்கே காரில் அரை மணி நேரம் போனால் சுங்கை சிப்புட். மலாய் மொழியில் ‘நத்தை ஆறு’ன்னு அர்த்தம். பெயருக்கு ஏத்த மாதிரி அமைதியான ஊர்தான். ஆனா பொதுத்தேர்தல் வந்தா, நாட்டில் உள்ள தமிழர் வீடுகளில் இரவு முழுக்க முடிவு பார்க்கிற தொகுதிகளில் இதுவும் ஒண்ணு.

1959 முதல் 2022 வரை 15 பொதுத்தேர்தல்கள் நடந்திருக்கின்றன. இந்தத் தொகுதிக்கு இதுவரை கிடைத்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் நான்கே நான்கு பேர். நால்வரும் இந்திய வம்சாவளியினர். அதனால்தான் “இது நம்ம தொகுதி” என்று பெரியவங்க சொல்றாங்க.

ஆனா வாக்காளர் பட்டியல் வேறு கதை சொல்கிறது. இங்கே இந்திய வாக்காளர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அப்போ இது எப்படி ‘நம்ம தொகுதி’ ஆச்சு? அடுத்த தேர்தலிலும் அப்படியே இருக்குமா? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

சுருக்கமாக

• 1959, 1964, 1969 – துன் வீ.தி. சம்பந்தன் (ம.இ.கா)
• 1974 முதல் 2004 வரை, 8 தேர்தல்கள் – துன் ச. சாமிவேலு (ம.இ.கா)
• 2008, 2013 – டாக்டர் மைக்கல் ஜெயகுமார் தேவராஜ் (பிஎஸ்எம், பிகேஆர் சின்னத்தில் போட்டி)
• 2018, 2022 – எஸ். கேசவன் (பிகேஆர்)

ஏன் சுங்கை சிப்புட்?

இந்த ஊரின் பெயர் நாட்டு வரலாற்றில் இடம்பெறக் காரணம் தேர்தல் அல்ல. 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் பிரிட்டிஷ் ஆட்சி மலாயாவில் அவசரகாலத்தை அறிவித்தது.

அந்தக் காலத்தில் ஊரைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள். பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இதே ஊரில் 1919-இல் பிறந்தவர்தான் சம்பந்தன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் திரும்பியவர், 1955-இல் ம.இ.கா தலைவரானார். இன்றும் ஊரின் அடையாளமாக இருக்கும் மகாத்மா காந்தி கலாசாலை தமிழ்ப்பள்ளி உருவானதிலும் அவருடைய பங்கு பெரியது.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போகிற நிலை. அப்போதுதான், 1960-இல், சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே மாதம் பத்து வெள்ளி என்று சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்பது அவருடைய திட்டம். தாத்தா பாட்டி வீட்டில் பழைய பங்குப் பத்திரம் இருந்தா, அது இந்தச் சங்கத்துடையதாகவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்க.

ஐந்தில் ஒரு பங்கை வைத்து எப்படி ஜெயித்தார்கள்?

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கு. மலேசியாவில் 222 நாடாளுமன்றத் தொகுதிகள் உள்ளன. அவற்றில் ஒன்றில்கூட இந்திய வாக்காளர்கள் பாதிக்கு மேல் இல்லை. அதாவது, இந்தியர் ஓட்டை மட்டும் வைத்து ஜெயிக்கக்கூடிய தொகுதி நாட்டில் எங்கேயும் கிடையாது.

அப்படியென்றால் ம.இ.கா எப்படி ஜெயித்தது? கூட்டணிதான். முதலில் அலையன்ஸ், பிறகு தேசிய முன்னணி. அம்னோ, ம.சீ.ச, ம.இ.கா மூன்றும் தொகுதிகளைப் பிரித்துக்கொள்ளும். சுங்கை சிப்புட்டில் ம.இ.கா வேட்பாளர் நின்றால், அம்னோ தன் மலாய் ஆதரவாளர்களையும் ம.சீ.ச தன் சீன ஆதரவாளர்களையும் அவருக்கே வாக்களிக்கச் சொல்லும். பதிலுக்கு மற்ற தொகுதிகளில் ம.இ.கா ஆதரவாளர்கள் அவர்களுக்குப் போடுவார்கள்.

ஆக, ‘இந்தியர் தொகுதி’ என்பது சட்டத்தில் இல்லாத ஒன்று. தேர்தல் ஆணையம் எந்தத் தொகுதியையும் எந்த இனத்துக்கும் ஒதுக்குவதில்லை. அது கட்சிகளுக்குள் ஏற்பட்ட உடன்பாடு, அவ்ளோதான். உடன்பாடு வேலை செய்த வரைக்கும் தொகுதியும் கைவசம் இருந்தது.

சாமிவேலுவின் 34 ஆண்டுகள்

சம்பந்தன் 1973-இல் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு சுங்கை சிப்புட்டில் புதுமுகமாக நின்றவர் சாமிவேலு. 1979-இல் ம.இ.கா தலைவரானார். பொதுப்பணி அமைச்சர், எரிசக்தி அமைச்சர், மறுபடியும் பொதுப்பணி அமைச்சர் என்று அமைச்சரவையில் நீண்ட காலம் இருந்தார்.

எட்டுத் தேர்தல், எட்டு வெற்றி. 2004-இல் ம.இ.கா நாடு முழுவதும் போட்டியிட்ட 9 நாடாளுமன்றத் தொகுதிகளையும் பிடித்தது. அப்போது சாமிவேலு தோற்பார் என்று யாராவது சொல்லியிருந்தா, சிரிச்சிருப்பாங்க.

ஆனால் தொகுதிக்குள் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்டத்து லயன் வீடுகளைக் காலி செய்தவர்கள் தாமான்களுக்கும் புறம்போக்கு நிலங்களுக்கும் நகர்ந்தார்கள். வீடு, நிலம், இழப்பீடு என்று பிரச்சினைகள் குவிந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர்களில் ஒருவர் டாக்டர் ஜெயகுமார். அவர் 1999-இல் ஜசெக சின்னத்தில் நின்று தோற்றார். 2004-இல் கெஅடிலான் சின்னத்தில் நின்று மறுபடியும் தோற்றார். ஊரை விட்டுப் போகவில்லை.

2008: 1,821 வாக்குகள்

2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூரில் இண்ட்ராஃப் பேரணி. கண்ணீர்ப்புகை, தண்ணீர்ப் பீரங்கி. அடுத்த சில வாரங்களில் ஐந்து தலைவர்கள் இசா சட்டத்தில் கைது. ‘மக்கள் சக்தி’ என்ற முழக்கம் தோட்டம் தோட்டமாகப் பரவியது.

2008 மார்ச் 8. ஜெயகுமாருக்கு 16,458 வாக்குகள், சாமிவேலுவுக்கு 14,637. பெரும்பான்மை 1,821.

இந்தியர்கள் கோபப்பட்டதால் சாமிவேலு தோற்றார் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அது பாதிதான் உண்மை. ஐந்தில் ஒரு பங்கு மட்டும் திரும்பினா, 34 ஆண்டுக் கோட்டை சரியாது. மற்ற சமூகத்தினரின் வாக்குகளும் சேர்ந்து நகர்ந்ததால்தான் முடிவு மாறியது. ம.இ.கா அந்தத் தேர்தலில் 9-இலிருந்து 3 இடங்களுக்குச் சுருங்கியது.

2013-இல் ம.இ.கா சார்பில் எஸ்.கே. தேவமணி வந்தார். ஜெயகுமார் 2,793 வாக்குகள் வித்தியாசத்தில் தொகுதியைத் தக்கவைத்தார்.

2018: ஆள் முக்கியமா, சின்னம் முக்கியமா?

ஜெயகுமார் பிஎஸ்எம் கட்சிக்காரர். ஆனால் 2008-லும் 2013-லும் வாக்குச்சீட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது பிகேஆர் சின்னம். 2018-இல் பிஎஸ்எம் கட்சிக்கும் பக்காத்தான் ஹராப்பானுக்கும் தொகுதி உடன்பாடு ஏற்படவில்லை. ஜெயகுமார் தன் சொந்தக் கட்சியின் கைமுட்டி சின்னத்தில் நின்றார். பிகேஆர் தன் சின்னத்தை, ஊத்தான் மெலிந்தாங் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் கேசவனுக்குக் கொடுத்தது.

நான்கு முனைப் போட்டி. கேசவன் 5,600-க்கும் அதிகமான பெரும்பான்மையில் ஜெயித்தார். பத்து ஆண்டு எம்.பி.யாக இருந்த ஜெயகுமாருக்குக் கிடைத்தது சுமார் 1,500 வாக்குகள். பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் வேட்பாளரின் வைப்புத்தொகை பறிபோகும். அவருடையதும் போனது.

அவர் வேலை செய்யவில்லை என்பதால் அல்ல. ஆட்சியையே மாற்றிய தேர்தல் அது. ‘நல்லவர்தான், ஆனா இந்தத் தடவை அரசாங்கத்தை மாத்தணும்’ என்று நினைத்தவர்களுக்கு ஜெயகுமாருக்குப் போடுகிற ஓட்டு வீணாகத் தெரிந்தது. நம் நாட்டில் ஒரு தொகுதியில் அதிக வாக்கு வாங்கிய ஒருவர்தான் எம்.பி. இரண்டாவது இடத்துக்கோ மூன்றாவது இடத்துக்கோ எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட முறையில் சிறிய கட்சிகள் நசுங்குவது வழக்கம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் தொகுதிக்குள் லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. 2008-லிருந்து ஜாலோங்கில் ஜசெக, லிந்தாங்கில் அம்னோ. நாடாளுமன்றத்துக்கு மட்டும் இந்திய வேட்பாளர். ஒரே ஊர், மூன்று விதமான முடிவு. இங்குள்ள மலாய்க்காரர், சீனர், இந்தியர், மலையோரத்துப் பூர்வக்குடியினர் என யாராலும் தனியாக இந்தத் தொகுதியை ஜெயிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

2022: கட்சித் தலைவரே வந்தார்

15-ஆவது பொதுத்தேர்தலில் ம.இ.கா தேசியத் தலைவர் விக்னேஸ்வரன் நேரடியாகக் களத்தில் இறங்கினார். சம்பந்தன், சாமிவேலு என்று கட்சித் தலைவர்களின் தொகுதி இது. அதை மீட்பது கௌரவப் பிரச்சினையும்கூட.

முடிவு: கேசவன் 21,637, விக்னேஸ்வரன் 19,791. வித்தியாசம் 1,846 வாக்குகள். மூன்றாவதாக வந்த பெரிக்காத்தான் நேஷனலும் கணிசமான வாக்குகளைப் பிரித்தது. பதிவான வாக்குகளில் பாதிகூட வாங்காமல்தான் கேசவன் வெற்றிபெற்றார். ம.இ.காவுக்கு நாடு முழுவதும் மிஞ்சியது தாப்பா ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய திருப்பம். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் பக்காத்தானும் தேசிய முன்னணியும் சேர்ந்து ஒற்றுமை அரசாங்கம் அமைத்தன. சுங்கை சிப்புட்டில் எதிரெதிரே நின்ற இரண்டு அணிகளும் ஒரே பக்கம் வந்துவிட்டன.

அடுத்து என்ன?

நாடாளுமன்றம் முன்கூட்டியே கலைக்கப்படாவிட்டாலும், 16-ஆவது பொதுத்தேர்தல் 2028 பிப்ரவரிக்குள் நடந்தாக வேண்டும். இரு அணிகளும் மோதாமல் தொகுதிகளைப் பிரித்துக்கொண்டால், ஏற்கனவே ஜெயித்தவருக்கே தொகுதி என்ற வாதம் பிகேஆருக்குச் சாதகம். ‘இது எங்கள் பாரம்பரியத் தொகுதி’ என்பது ம.இ.காவின் வாதம்.

பாரம்பரியம் என்ற சொல்லுக்கு உத்தரவாதம் கிடையாது. கேமரன் மலையும் அப்படித்தான் இருந்தது. 2018-இல் அங்கு ம.இ.கா பெற்ற வெற்றியை நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் தேசிய முன்னணி பூர்வக்குடி வேட்பாளரான ரம்லி முகமட் நோரை நிறுத்தி ஜெயித்தது. நாட்டின் முதல் பூர்வக்குடி எம்.பி. அவர். அந்தச் சமூகத்துக்கு அது நியாயமாகக் கிடைத்த குரல். ம.இ.காவுக்கோ, போன தொகுதி திரும்பவில்லை.

சுங்கை சிப்புட்டில் மலைப்பக்கக் கிராமங்களில் தெமியார் பூர்வக்குடியினர் வாழ்கிறார்கள். “எங்களுக்கும் ஒரு எம்.பி. வேண்டாமா?” என்று நாளைக்கு அவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது? ‘நம்ம தொகுதி’ என்று சொல்லும்போது அந்த ‘நம்ம’-வில் யார் யார் இருக்காங்க என்பதையும் யோசிக்கணும்.

உங்களுக்கு இதில் என்ன?

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளர் ஆகிறார்கள். 2018-இல் நாடு முழுவதும் 14.9 மில்லியனாக இருந்த வாக்காளர்கள் 2022-இல் 21.1 மில்லியனைத் தாண்டினார்கள். 1,800 வாக்குகளில் முடிவாகும் தொகுதியில் புது வாக்காளர்களின் எடை எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம்.

ஒரு விஷயத்தை மறந்துடாதீங்க. தானியங்கிப் பதிவு உங்கள் அடையாள அட்டையில் உள்ள முகவரியை வைத்துத்தான் நடக்கும். நீங்கள் கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ வேலை செய்தாலும், ஐ.சி.யில் சுங்கை சிப்புட் முகவரி இருந்தால் ஓட்டு அங்கேதான். உங்கள் தொகுதி எது என்பதைத் தேர்தல் ஆணையத்தின் ‘மைஎஸ்பிஆர் செமாக்’ தளத்தில் ஐ.சி. எண்ணைப் போட்டு ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். முகவரி பழையதா? இப்பவே மாத்திடுங்க. தேர்தல் அறிவித்த பிறகு மாற்றினால் அந்தத் தேர்தலுக்கு உதவாது.